லேட்டரல் திங்கிங் பசில்: நம்ம ஊர் அழிப்பாங்கதை

ஒரு சம்பவத்தின் நுனியை மட்டும் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்பார் ஒருவர். மற்றவர்கள் ஆமா, இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளாகப் போட்டுப் போட்டு முழுக்கதையையும் வெளியே கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் லேட்டரல் திங்கிங் பசில் என்று பெயர். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் இதை ஆடுகிற திருநெல்வேலிக்காரர்கள் உண்டு. ஒருவர் பாளையங்கோட்டையில் இருப்பார், ஒருவர் மும்பைத் தாராவியில், இன்னொருவர் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் துபாயில். பேச்செல்லாம் நெல்லைத் தமிழ். விளையாட்டின் பெயர் மட்டும் இங்கிலீஷில் நிற்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

‘லேட்டரல்’ என்பதன் வேர் லத்தீன். ‘லாட்டுஸ்’ என்றால் பக்கம், விலா. பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம்தான். டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்வதை ‘லேட்டரல் என்ட்ரி’ என்கிறோமே, அதே சொல். முன்வாசலில் முதலாம் ஆண்டு இருக்க, பக்கவாசல் வழியாக உள்ளே போவது.

‘லேட்டரல் திங்கிங்’ என்ற சொற்சேர்க்கையை உண்டாக்கியவர் மால்டா தீவில் 1933-இல் பிறந்த எட்வர்ட் டி போனோ. மருத்துவம் படித்தவர், பிறகு உளவியல் பக்கம் வந்தவர். 1967-இல் வெளியான புத்தகத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்; 2021-இல் காலமானார். ஒரு படியிலிருந்து அடுத்த படி என்று தர்க்கம் பிசகாமல் போவதற்கு அவர் வைத்த பெயர் செங்குத்துச் சிந்தனை. அவர் சொன்ன உவமை கிணறு வெட்டுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: தண்ணீர் இல்லாத குழியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அது வேறு இடத்துக் குழி ஆகிவிடாது. வேறு இடத்தில் தோண்டிப் பார்ப்பதுதான் பக்கவாட்டுச் சிந்தனை. ஆனால் ஆமா–இல்லை கதைகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. அவருக்கு முன்பே பலர் வாயில் புழங்கியவைதான். அவருடைய சொல் பிறகு அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டது. ஜப்பானிலும் சீனாவிலும் இதே விளையாட்டுக்கு ‘கடலாமை சூப்’ என்று பெயர். உணவகத்தில் ஒரு வாய் சூப் குடித்துவிட்டு உயிரை விட்ட மனிதனைப் பற்றிய பழைய கதையிலிருந்து வந்தது அது. அந்தப் பெயரில் ‘லேட்டரல்’ என்பதன் மொழிபெயர்ப்பே இல்லை.

இனி, ஆட்டம் எப்படிப் போகும் என்று ஒரு கதையை வைத்தே பார்க்கலாம். கதை போடுகிறவர் சொல்கிறார் (‘அழி’ என்றால் இங்கே விடையை அவிழ்ப்பது):

“கும்மிருட்டு. நாலு பேர் கோயிலுக்குள்ள போனாங்க. உற்சவரைத் தூக்குனாங்க, உண்டியலையும் எடுத்தாங்க. வழியில பார்த்தவங்க ஓடிவந்து கைகொடுத்தாங்க. போலீசுக்கு யாரும் சொல்லல. அழிங்க பாப்போம்.”

“களவா அண்ணாச்சி?”

“இல்லை.”

“ஊருக்குள்ள ரெண்டு கோஷ்டி, அதுல ஒரு கோஷ்டியா?”

“இல்லை.”

“கொடையா, திருவிழாவா?”

“ரெண்டும் இல்லை.”

“எந்த ஊர்க் கோயில்?”

“அப்படிக் கேக்கக் கூடாது மதினி. ஆமா, இல்லைன்னு சொல்ற மாதிரி கேளுங்க.”

தாராவியில் பிறந்த பிள்ளை ஒன்று இடையில் புகுந்து கேட்கும்: “சரி, கோயில் இருக்குற இடத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?”

“ஆமா.”

“அன்னைக்கு டவுன்ல மழையா?”

“இல்லை.”

இங்கே எல்லோரும் கொஞ்ச நேரம் அடங்கிப் போவார்கள். மழை இல்லை என்றதும் ஒரு கதவு சாத்தியாயிற்று என்று தோன்றும். அப்போது அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் கேட்பார்: “டவுன்ல இல்ல, சரி. மலையில மழை உண்டா?” அதற்கு வருகிற ‘ஆமா’வில் கதை அழிந்துவிடும். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. மலையில் மழை கொட்டி, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்தால் ஆறு பெருகும். டவுனில் வெயில் அடித்தாலும் பெருகும். வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் மட்டும் தண்ணீருக்குள் இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூசை.

கவனித்தால், கதையில் பொய் ஒன்றுகூட இல்லை. ‘இருட்டு, உண்டியல், போலீஸ்’ என்ற மூன்று சொல்லும் சேர்ந்து கேட்கிறவர் மனதில் தானாகவே ஒரு களவை எழுதிவிடுகின்றன. அழிக்க வேண்டியது அதைத்தான். தனியாக உட்கார்ந்து யோசிப்பவருக்கு இது பெரும்பாடு, ஏனென்றால் தான் எதை நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது. குழுவில் ஒருவர் களவு என்று நம்புவார், இன்னொருவர் கோஷ்டிச் சண்டை என்று நம்புவார். ஒருவருக்கு வருகிற ‘இல்லை’ எல்லோருடைய நம்பிக்கையையும் சேர்த்துக் கழற்றும். அணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்குத் தெரிந்தது தாராவியில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் ‘இடத்துக்குச் சம்பந்தம் உண்டா’ என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்காவிட்டால் அம்பாசமுத்திரத்துக்காரருக்கும் மலை ஞாபகம் வந்திருக்காது. ஆமா–இல்லை கேள்விக்கு இருக்கும் பலமும் சாதாரணமானது அல்ல. ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்கும் சாத்தியங்களைப் பாதியாக வெட்டினால், 20 கேள்வியில் 10,48,576 சாத்தியங்களிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடலாம். அதனால் “அது யானையா?” என்று குறிபார்த்துச் சுடுவதைவிட, “உயிருள்ளதா?” என்று பாதியாக வகுந்து கேட்பவரே குழுவுக்குப் பெரிய உதவி.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம்.

தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்கிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்ற ஏழு இலக்கிய வகைகளில் அதுவும் ஒன்று. அந்த நூலின் செய்யுளியல் அதை இரண்டாக வகுக்கிறது:

ஒப்பொடு புணர்ந்த உவமத் தானும்
தோன்றுவது கிளந்த துணிவி னானும்
என்றிரு வகைத்தே பிசிவகை நிலையே

முதல் வகைக்குப் பழைய உரையாசிரியர் தரும் உதாரணம் ‘பிறை கவ்வி மலை நடக்கும்’. தந்தத்தைப் பிறையாகவும் உடலை மலையாகவும் உவமித்தால் யானை. நாம் சின்ன வயதில் கேட்ட ‘ஓடும் குதிரை, ஒளியும் குதிரை, தண்ணீரைக் கண்டால் தவிக்கும் குதிரை’ என்ற செருப்பு விடுகதையும் இந்த இனம். இரண்டாம் வகைதான் எனக்கு வியப்பு. தோன்றுவதை மட்டும் சொல்லுதல், அதிலிருந்து துணிதல். குறுக்குத்துறைக் கதையில் சொல்லப்பட்டது கண்ணுக்குத் தோன்றியது மட்டும்தானே? அந்தக் காலத்துப் பிசியில் கேள்வி–பதில் முறை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்றைய விளையாட்டின் எலும்பு அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பிசிக்குப் ‘பிதிர்’ என்றும் பெயருண்டு. பிள்ளை ‘புள்ள’ ஆனதுபோல, பிதிர் ‘புதிர்’ ஆகி இன்றும் நம்மோடு இருக்கிறது.

தென்மாவட்டங்களில் விடுகதைக்கு அழிப்பாங்கதை என்று பெயர். ‘ஒரு கதை போடுதேன், அழி பாப்போம்’ என்று ஆச்சிமார் சொல்வார்கள். இங்கே அழித்தல் நாசம் செய்வது அல்ல, முடிச்சை அவிழ்ப்பது. மலையாளத்தில் ‘அழிக்குக’ என்றால் இன்றும் அவிழ்ப்பதுதான். முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த செங்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

‘பக்கவாட்டுச் சிந்தனைப் புதிர்’ என்று சொல்லுக்குச் சொல் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இலக்கணப்படி தவறில்லை, ஆனால் கேட்டால் எலும்பு முறிவு மருத்துவர் சொன்னதுபோல இருக்கிறது, விளையாடக் கூப்பிடவில்லை. டி போனோவின் கருத்தை எழுதும் கட்டுரையில் அது இருக்கட்டும். ‘சூழல் புதிர்’ பரவாயில்லை, ஆனால் சுற்றுச்சூழல் பற்றியதோ என்ற மயக்கம் வரும். அழிப்பாங்கதையில் ‘கதை’ என்ற சொல் கூடவே இருப்பது பெரிய வசதி. விடை ஒரு பொருளாக இல்லாமல் ஒரு கதையாக இருக்கும் இந்த விளையாட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. பழைய விடுகதையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் ‘கேள்வி அழிப்பாங்கதை’ எனலாம்.

மற்றச் சொற்களும் கைவசம் இருக்கின்றன. கதையைத் தருகிறவர் ‘போடுகிறவர்’, விடை காண்கிறவர்கள் ‘அழிக்கிறவர்கள்’. பதில் மூன்று: ஆமா, இல்லை, சம்பந்தமில்லை. மூன்றாவதைத் தாராளமாகச் சொல்ல வேண்டும். உற்சவர் எத்தனை அடி உயரம் என்று ஆராய்கிறவரை அதுதான் திருப்பிக் கொண்டுவரும். ‘பிரித்து எழுதினால் அழிப்பான் கதை, சேர்த்து எழுதினால் அழிப்பாங்கதை’ என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பேச்சில் வரும் ஒலிக்குச் சேர்த்து எழுதுவதே பக்கம்.