நகல் காருக்கு ஆர்சி கிடைக்குமா? எல்லையோரத்துப் பட்டறைக்காரர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும்

பட்டறையில் நாமே கட்டிய காரைப் புது வண்டியாகப் பதிவுசெய்து ஆர்சி என்ற பதிவுச் சான்று வாங்க இந்தியாவில் வழி இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழக–கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டால் "ஆர்சி புக் இருக்கிறது அண்ணா, பாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆள் இருக்கிறார்" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை நம்பிப் பல லட்சம் செலவழித்தபின் வண்டி செட்டுக்குள்ளேயே நிற்கும்.

நகல் கார் என்று இங்கே சொல்வது, 1930களின் திறந்த எம்ஜி கார், அமெரிக்கக் கோப்ரா, ஃபோக்ஸ்வாகன் கடற்கரை பக்கி போன்றவற்றின் சாயலில் ஃபைபரிலோ தகட்டிலோ பாடி செய்து, ஜீப் அல்லது மாருதி சேஸிஸின் மேல் உட்கார வைத்த வண்டியை. கோவையில் லேத்தும், பொள்ளாச்சியில் டிங்கர் வேலை தெரிந்த கைகளும் இருக்கும்போது வண்டி கட்டுவது பெரிய விஷயமே அல்ல. தடை முழுவதும் காகிதத்தில்தான்.

புது வண்டியைப் பதிவுசெய்ய ஆர்டிஓ அலுவலகம் கேட்பவை எவை என்று பாருங்கள். படிவம் 20 விண்ணப்பம்; அதை யாரும் எழுதலாம். படிவம் 21 விற்பனைச் சான்று; அதை விற்பவர் தர வேண்டும். படிவம் 22தான் கழுத்தைப் பிடிப்பது. வண்டி சாலைக்குத் தகுதியானது, புகை வரம்புக்கும் பாதுகாப்பு வரையறைக்கும் உட்பட்டது என்று தயாரிப்பாளர் கையெழுத்திடும் சான்று அது. அந்தக் கையெழுத்தைப் போடும் தகுதி தயாரிப்பாளருக்கு எப்படி வருகிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 126ஆம் விதிப்படி, அந்த மாடலின் முன்மாதிரி வண்டி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். புணேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், நமக்குக் கொஞ்சம் பக்கமாக சென்னையை அடுத்த ஒரகடத்தின் ஜிஏஆர்சி ஆகியவை அத்தகைய நிலையங்கள். பிரேக், விளக்கு, கண்ணாடி, புகை, சீட் பெல்ட் நங்கூரம் என்று அங்கே நடக்கும் சோதனைகள் வரிசையாகத் தயாரிக்கும் நிறுவனத்துக்கென்று அமைந்தவை. ஆசைக்கு ஒரே ஒரு வண்டி கட்டுகிறவர் அந்தச் செலவை நினைத்தும் பார்க்க முடியாது.

இன்னொரு கதவும் மூடிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டி பிஎஸ்-6 புகை வரையறைக்குள் இருக்க வேண்டும். நகல் காரில் போடுவதெல்லாம் பழைய எஞ்சின். 1996ஆம் ஆண்டு எஞ்சினைத் தாங்கிய "புது" வண்டியை எந்த அலுவலரும் கணினியில் ஏற்ற மாட்டார்.

யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள்தான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பிரிட்டனில் தனி ஒருவர் கட்டிய காரைத் தனியாகவே சோதித்து அனுமதி தரும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பாகங்களால் ஒருங்கிணைத்த வண்டி என்றே உரிமைச் சான்று எழுதித் தரும். 2015ஆம் ஆண்டின் ஒரு சட்டம், சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 நகல் கார்கள் வரை விற்கவும் அங்கே இடம் கொடுத்தது. அந்த நாட்டில் இருக்கும் மைத்துனர் "இங்கே சுலபம்" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. இங்கே அந்தப் படிவமே கிடையாது.

அப்படியானால் பழைய ஆர்சியை வைத்துக்கொண்டு பாடியை மாற்றினால் என்ன? எல்லோரும் போகும் வழி இதுதான். சட்டம் நேராக வந்து நிற்பதும் இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. இதற்குக் கேரளத்தில் ஒரு காலத்தில் கொஞ்சம் இளக்கம் இருந்தது. மாநில விதிகளைக் காட்டி மாற்றங்களை அனுமதிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, மாநில விதி மத்தியச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டதே என்று தீர்த்தது. மாற்றத்தின் மீது கேரள மோட்டார் வாகனத் துறை காட்டும் கெடுபிடிக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. "ஒவ்வொரு" என்ற சொல்லைக் கவனியுங்கள். நகல் காரில் மாற்றாத பாகம் எது?

ஆர்சியில் பாடியின் வகை, இருக்கை எண்ணிக்கை, வீல்பேஸ், எடை எல்லாம் எழுதியிருக்கும். மூடிய கார் என்று எழுதிய வண்டி கூரையில்லாமல், இரண்டு சீட்டோடு வாளையாறு சோதனைச் சாவடிக்கு வந்தால் அலுவலர் சேஸிஸ் நம்பரைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. செய்யக்கூடியவை கொஞ்சம்தான். நிறத்தை மாற்றி ஆர்சியில் பதியலாம். அங்கீகரித்த சிஎன்ஜி கிட் பொருத்தலாம். சோதனை நிலையம் ஒப்புதல் அளித்த மின் மாற்றுக் கிட்டை, அதற்கு அங்கீகாரம் பெற்றவர் கையால் பொருத்திப் பதியலாம். எஞ்சின் பழுதாகி வேறு போட்டால் பில்லோடு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இதற்கு மேல் புரோக்கர் காட்டும் குறுக்கு வழி ஒன்று உண்டு. எங்கோ உடைத்துப் போட்ட ஜீப்பின் ஆர்சியை வாங்கி, அதன் சேஸிஸ் நம்பரை அறுத்துப் புது வண்டியின் சேஸிஸில் ஒட்டுவது. இதை மாற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது; போலி ஆவணக் குற்றம். வண்டி அழிந்துவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே செத்த வண்டியின் புக்கை விற்பவர் முதல் தப்பைச் செய்துவிட்டார், வாங்குகிறவர் இரண்டாவதைச் செய்கிறார். அரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டப்படும் பளபளப்பான திறந்த ஜீப்புகளுக்கு குமுளி, கம்பம், போடி மலைப் பக்கம் ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். வண்டி அழகுதான். ஆனால் பேரம் பேசும் முன் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, அரசின் பரிவாகன் இணையதளத்தில் வரும் விவரத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ புது பெயிண்டோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். வெளி மாநில ஆர்சி என்றாலே கேரளத்தில் இப்போது கூடுதல் சந்தேகம். 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாகக் கடத்தி வந்து வடமாநில முகவரியில் பதிவுசெய்ததாகச் சந்தேகித்த சொகுசு வண்டிகளைக் கேரளம் எங்கும் சுங்கத் துறை தேடிப் பிடித்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வின்டேஜ் பதிவு கிடைக்காதா என்றும் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டி வின்டேஜ் என்று பதியலாம். எண்ணில் "விஏ" எழுத்துகள் வரும், பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் ரேலிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்ட முடியாது. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிதாக மாறாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1935ஆம் ஆண்டு கார் போலத் தெரிவது வேறு, 1935ஆம் ஆண்டு காராக இருப்பது வேறு. நகலுக்கு இந்தக் கதவு திறக்காது.

உண்மையான பழைய ஜீப்பையோ ஃபியட்டையோ அசல் நிலையில் வாங்கிச் சீர்செய்வது என்று முடிவெடுத்தால் எல்லாம் நேராகிவிடும், அலைச்சல் மட்டும் மிஞ்சும். பொள்ளாச்சியில் டிஎன்-41 எண் வண்டியை வாங்கி, பாலக்காட்டுச் சித்தூரில் கேஎல்-70 எண்ணுக்கு மாற்ற நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பொள்ளாச்சி ஆர்டிஓவிடம் படிவம் 28இல் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. விண்ணப்பித்து 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் என்ஓசி கொடுத்ததாகவே 48ஆம் பிரிவு கருதுகிறது. அந்த வாதத்தோடு போய்க் கவுண்டரில் நின்று ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை, ஆகவே தாளைக் கையில் வாங்கியே தீருங்கள். கடன் பாக்கி ஏதும் ஆர்சியில் இருந்தால் படிவம் 35 வாங்கி முதலில் அதை நீக்க வேண்டும். பிறகு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, புது எண்ணுக்குப் படிவம் 27, கேரள வரி. ஒரு மாநில வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. வீடு வேலந்தாவளத்திலும் தோப்பு எல்லைக்கு அந்தப் பக்கமும் உள்ளவர்கள் இந்த 12 மாதத்தை வைத்துப் பல ஆண்டு கண்ணாமூச்சி ஆடுவது இங்கே வழக்கம்தான். வண்டி வழக்கமாக நிற்கும் இடம் எது என்று சாவடியில் கேட்டால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பதினைந்து ஆண்டு கடந்த ஆர்சியைப் புதுப்பிக்கக் காருக்கு 5,000 ரூபாய்; 20 ஆண்டு கடந்தால் 2025ஆம் ஆண்டுத் திருத்தப்படி 10,000.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாக் காகிதங்களிலும் சுலபமாகக் கிடைப்பது இன்சூரன்ஸ் பாலிசி. அதனாலேயே அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பழைய ஆர்சி எண்ணைத் தளத்தில் தட்டினால் ஐந்து நிமிடத்தில் மூன்றாம் தரப்புப் பாலிசி வந்துவிடும். வண்டியை யாரும் வந்து பார்ப்பதில்லை. 2022இல் நிர்ணயித்த விகிதப்படி 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. இதைக் கையில் வைத்துக்கொண்டு "இன்சூரன்ஸ்காரனே ஒப்புக்கொண்டான், ஆர்டிஓவுக்கு என்ன?" என்று பேசுகிறவர்கள் உண்டு. நிறுவனம் ஒப்புக்கொண்டது ஆர்சியில் எழுதிய வண்டியை. சாலையில் ஓடும் வண்டி வேறாக இருந்தால், உண்மையை மறைத்தீர்கள் என்று சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க அதுவே போதும்.

பதிவே இல்லாத வண்டியின் நிலை இன்னும் மோசம். தற்காலிகப் பதிவு முடிந்தபின் விபத்துக்குள்ளான வண்டிக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021இல் அதே காரணத்துக்காகத் திருட்டு கிளெய்மையும் தள்ளியது. இரண்டும் ஷோரூமில் வாங்கிய வண்டிகள், பதிவு காலாவதியானது மட்டுமே குறை. பதிவே பெற முடியாத வண்டிக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவர் பக்கம் கணக்கு வேறு. தீர்ப்பாயம் பெரும்பாலும் அவரைக் கைவிடாது. நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும் வழக்கம் இருக்கிறது. உயிரிழப்புக்கான தொகைக்கு உச்ச வரம்பு இல்லை. வசூல் வருவது உங்கள் தென்னந்தோப்பின் மீது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு முதல் முறை 2,000 ரூபாய், பதிவில்லாமல் ஓட்டியதற்கு 5,000 வரை என்ற அபராதமெல்லாம் இதன் முன் சில்லறைதான்.

பாலிசியில் போடும் மதிப்பும் ஏமாற்றும். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு நீங்களும் நிறுவனமும் பேசித்தான் மதிப்பை முடிவு செய்வீர்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் ஜீப்புக்கு எட்டு லட்சத்தில் பாடி கட்டியிருந்தாலும், ஒப்பந்தத்தில் ஜீப்பின் விலைதான் இருக்கும். உண்மையான வின்டேஜ் பதிவுள்ள காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியத்தில் பாதித் தள்ளுபடி உண்டு. நகலுக்கு அதுவும் இல்லை. பெயர் மாற்றி வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதுங்கள். சொந்தச் சேதப் பகுதி தானாக உங்களைத் தொடர்ந்து வராது.

கட்டியே தீருவேன் என்பவர் என்ன செய்யலாம்? ஓட்டப் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கியது. வண்டியை லாரியில் ஏற்றிப் போய், லாரியில் ஏற்றி வர வேண்டும். தடத்தின் விதிகளும் பாதுகாப்புச் சோதனையும் தனி. கல்யாண மண்டபங்களிலும் ரிசார்ட்டுகளிலும் மாப்பிள்ளையை ஏற்றிச் சுற்றும் பழைய பாணி மின் வண்டிகள் வளாகத்துக்குள் ஓடுவதற்கென்றே விற்கப்படுபவை. மண்டபத்து வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் அவற்றுக்கும் மேலே சொன்னதே பொருந்தும். தன் தோப்புக்குள் ஓட்டினால் யார் கேட்பது என்பவர்களுக்கு ஒரு செய்தி: பதிவு வேண்டும் என்று சொல்லும் 39ஆம் பிரிவில் பொது இடம் என்பதோடு "வேறு எந்த இடத்திலும்" என்ற சொற்களும் இருக்கின்றன. தோப்புக்குள் போலீஸ் வராது, ஆனால் வேலையாள் மீது ஏறிவிட்டால் வரும்.

எதைத் தொடங்கும் முன்னும் ஆர்டிஓவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். எந்த வண்டி, எந்த மாற்றம், ஆர்சியில் எந்த வரி மாறும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டம் உரிமை தருகிறது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டிக் கொடுக்கலாம். ஆனால் "எனக்கு அனுமதி கிடைக்குமா" என்று அதில் கேட்டால் கருத்துச் சொல்ல இயலாது என்று திருப்பிவிடுவார்கள். வண்டி மாற்றம் பற்றி அந்த அலுவலகத்திடம் இருக்கும் சுற்றறிக்கைகளின் நகலையும், கடந்த ஆண்டு 52ஆம் பிரிவின் கீழ் வந்த விண்ணப்பங்களில் எத்தனை ஏற்கப்பட்டன என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும்.