ஆர்.டி. போடும் முன் தேதியைப் பாருங்கள்

முக்கூடல் மைனி (எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ரெண்டு வருசத்துக்கு முன்னால் அஞ்சலகத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டிச் சேர்க்கிற தொடர் வைப்புக் கணக்கு, போட்டார். தீபாவளிக்கு ஒன்பது மாதம் இருந்தது. ஒன்பதாயிரம் சேர்ந்துவிடும், பிள்ளைகளுக்குத் துணி எடுத்துவிடலாம் என்று கணக்கு. ஐப்பசியில் பாஸ்புக்கோடு போய் நின்றால் பணம் எடுக்க முடியவில்லை. "என் துட்டத்தான கேக்கேன் தம்பி, மூணு வருசம் ஆவணும்னு சொல்லுதாவ" என்று போனில் ஒரே புலம்பல். விதி அப்படித்தான். பீடி சுத்துற தெருவில் எல்லாரும் போடுகிறார்கள் என்று மைனியும் போட்டார். எப்போது எடுக்கலாம் என்று யாரிடமும் கேட்கவில்லை.

அஞ்சலக ஆர்.டி. என்பது ஐந்து வருசத் திட்டம். மொத்தம் 60 தவணை. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், அதற்கு மேல் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொள்ளலாம். வட்டி விகிதத்தை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். 2023 அக்டோபரில் 6.7 சதவீதம் ஆக்கினார்கள். கணக்கு தொடங்கும் நாளில் என்ன விகிதமோ அதுதான் ஐந்து வருசத்துக்கும். 6.7 சதவீதத்தில் மாதம் ஆயிரம் போட்டால், கட்டிய 60,000 முடிவில் 71,366 ரூபாய் அளவுக்கு வரும். மூன்று வருசம் முடிந்தபின் இடையில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். அவசரம் என்றால், ஒரு வருசம் ஓடி 12 தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதிவரை கடன் உண்டு, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். மைனி ஒன்பது தவணையில் போய் நின்றதால் அதற்கும் வழியில்லை.

இனி தேதி விஷயம். மாதத்தில் 1 முதல் 15-க்குள் கணக்கு தொடங்கியவர்கள் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16 முதல் தொடங்கியவர்களுக்கு மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். மைனி தொடங்கியது ஒரு பத்தாம் தேதி. கட்டுவதோ மகளிர் உரிமைத் தொகையில். 2023 செப்டம்பர் 15-ல் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய அந்தப் பணம் வங்கிக் கணக்கில் விழுவது 15-ஆம் தேதி வாக்கில். அதை எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போவதற்குள் 16, 17 ஆகிவிடும். தவணை தவறினால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், அதாவது ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். பத்து ரூபாயைக் கட்டிவிடலாம். நாலு தவணை சேர்ந்து தவறினால்தான் வில்லங்கம்: கணக்கு நின்றுபோகும், ரெண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்ட முடியாது. உங்கள் வீட்டில் பணம் வருவது எந்தத் தேதியோ அதைப் பார்த்துக் கணக்கைத் தொடங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. பிசான அறுவடைப் பணமோ, தீபாவளி போனஸோ கையில் மொத்தமாக இருந்தால் முன்கூட்டியே கட்டிவிடலாம். ஆறு மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்கு 10 ரூபாயும், பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால் 40 ரூபாயும் தள்ளுபடி. ஆயிரம் ரூபாய்க் கணக்குக்கு இதை நூறு, நானூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தீபாவளித் துணிக்கு எதில் சேர்ப்பது? நம்ம பக்கத்தில் பெரிய செலவு எதுவும் சொல்லாமல் வருவதில்லை. ஜூனில் பள்ளிக்கூடம், ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோயில், பிறகு தீபாவளி, பொங்கல், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஊர்க் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிற தலைக்கட்டு வரி. எல்லாம் காலண்டரிலேயே இருக்கிறது. இருந்தும் ஒவ்வொன்றுக்கும் கம்மலைக் கழற்றி அடகுக்கடையில் வைக்கிறோம். மைனியை உட்காரவைத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு 9,000, தீபாவளிக்கு 8,000, கொடை வரிக்கும் கோயில் போய்வரவும் 5,000, பொங்கலுக்கு 2,000. கூட்டினால் 24,000. மாதம் ரெண்டாயிரம். காரையாருக்கு ஆடு வெட்டுகிற வருசம் என்றால் கணக்கு வேறு. அதை மைனி எழுத விடவில்லை.

இந்த மாதிரி வருசத்துக்குள் எடுக்கிற பணத்துக்கு அஞ்சலக ஆர்.டி. ஒத்துவராது. வங்கி ஆர்.டி.யை ஆறு மாதத்துக்கோ ஒரு வருசத்துக்கோ போடலாம். நடுவில் முடித்தாலும் வட்டிதான் கொஞ்சம் குறையும். அதுவும் தோதில்லை என்றால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது, 4 சதவீத வட்டி, 500 ரூபாய் இருப்பு இருக்க வேண்டும். தீபாவளிச் சீட்டு பற்றிக் கேட்பீர்கள். அம்மா ஒரு சீட்டில் பதினோரு மாதம் கட்டினாள். பன்னிரண்டாம் மாதம் சீட்டு பிடித்தவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அதோடு எனக்கு அதில் பேச்சு இல்லை.

ஆர்.டி.யில் போடவேண்டியது ஐந்து வருசம் கழித்து வருகிற செலவுக்கு. பெண்பிள்ளையின் படிப்பு அதையும் தாண்டிய தூரம் என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015-ல் வந்தது. பத்து வயது முடியாத பெண்குழந்தைக்குப் பெற்றோர் தொடங்கலாம், ஒரு வீட்டில் பொதுவாக ரெண்டு பிள்ளைகளுக்கு. நிதியாண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். கட்டுவது 15 வருசம், முதிர்வு கணக்கு தொடங்கி 21 வருசம் முடிந்ததும். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது, ஆர்.டி. போல இல்லாமல் இது அறிவிப்புக்கு ஏற்ப மாறும். இதே வட்டி நீடித்தால் மாதம் ஆயிரம் கட்டியதற்குச் சுமார் ஐந்தரை லட்சம் வரும். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தாலோ 18 வயது ஆனாலோ, முந்தின நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதிவரை படிப்புக்கு எடுக்கலாம். அதற்கு முன் வீட்டுச் செலவுக்குத் தொட முடியாது. என்னைக் கேட்டால் அதுதான் இதன் நல்ல குணம்.

இதிலும் தேதி உண்டு. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஆறாம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடையாது. ஒரு வருசம் கட்டாமல் விட்டால் 50 ரூபாய் அபராதத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், பான், போட்டோ கொண்டுபோங்கள். ஊர்க் கிளை அஞ்சலகத்திலேயே தொடங்கலாம், பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டாம்.

முகவர் அக்கா வீட்டுக்கே வந்து ஆர்.டி. தவணை வாங்கிப்போவது வசதிதான். அவருக்கான கமிஷனை அரசு கொடுக்கிறது, நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. பாஸ்புக்கில் முத்திரையோடு பதிவு வந்ததா என்று மட்டும் மாதாமாதம் பாருங்கள்.

மைனியின் பழைய கணக்கு இன்னும் ஓடுகிறது. சின்னவள் பெயரில் செல்வமகள் ஒன்று தொடங்கவேண்டும் என்று போன வாரம் கேட்டார், எந்தத் தேதியில் தொடங்கலாம் என்று. அதைத் தொடங்கத் தேதி பார்க்க வேண்டாம், கட்டத்தான் அஞ்சுக்குள் என்றேன். "அப்போ உரிமைத் தொகை வந்ததும் எடுத்து அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்து அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி கட்டுதேன்" என்றார். பானை வேண்டாம், வங்கியிலேயே இருக்கட்டும் மைனி என்றேன்.