ஷீட்டுக்குப் போட்ட பூட்டு எதைப் பூட்டுகிறது?

கம்பத்திலிருந்து விடியக்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களின் கூலிக் கணக்கை நாங்கள் மூன்று பேர் ஒரே ஷீட்டில் எழுதி வருகிறோம். போன சீசனில் ஒருவர் பெயர்களை அகர வரிசையில் அடுக்க நினைத்து, பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின, எதிரே இருந்த கிலோவும் கூலியும் அசையவில்லை. சனிக்கிழமை பட்டுவாடாவில் ஒரு அக்கா, "ரெண்டு நாள் கூலி குறையுதே தம்பி" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அடுத்தவர் உழைப்பின் கணக்கு இது, கைதவறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

முதலில் எக்செல்லில் 'ப்ரொடெக்ட் ஷீட்' போட்டுப் பாஸ்வேர்டு வைத்தோம். அது என்ன செய்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2007 முதல் வழக்கத்தில் இருக்கும் எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை, பிரித்தால் ஒவ்வொரு ஷீட்டும் எக்ஸ்எம்எல் என்ற ஒரு எழுத்துக் கோப்பாக உள்ளே கிடக்கும். நாம் போட்ட பூட்டு அதில் ஒரே ஒரு வரிதான். அந்த வரியைப் பார்த்து எக்செல் நம்மைத் தடுக்கிறது, அதை அழித்துவிட்டு மறுபடி மூட்டை கட்டினால் தடுப்பும் போய்விடும். எண்கள் எதுவும் குறியாக்கம் ஆகவில்லை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படவில்லை. பழைய எக்செல்லில் இன்னும் மோசம், எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்தாலும் அது 32,768 மதிப்புகளில் ஒன்றாகச் சுருங்கிவிடும், அதனால் வேறு ஏதோ ஒரு சொல்லும் அதே பூட்டைத் திறந்துவிடும்.

அப்படியென்றால் அது வீணா என்றால், இல்லை. வரப்பு போல அது, தெரியாமல் கால் வைப்பவரைத் தடுக்கும், எங்களுக்கு நடந்ததும் அதுதானே. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எல்லாக் கட்டங்களும் ஆரம்பத்திலேயே 'லாக்டு' என்றுதான் இருக்கும், ஆகவே தினமும் கிலோ எழுதும் கட்டங்களின் லாக்கை எடுத்துவிட்டு அப்புறம் ஷீட்டைப் பூட்ட வேண்டும்.

கோப்பைத் திறப்பதற்கே பாஸ்வேர்டு வைப்பது முற்றிலும் வேறு விஷயம். அங்கே உள்ளடக்கம் முழுவதும் ஏஇஎஸ் என்ற வலுவான முறையில் குறியாக்கம் ஆகிறது. எக்செல் 2010-இல் இருந்து, நாம் கொடுக்கும் சொல்லோடு தற்செயலாக எடுத்த சில எண்களைச் சேர்த்து, 1,00,000 முறை திரும்பத் திரும்ப அரைத்துத்தான் சாவி உருவாகிறது. நமக்கு ஒரு நொடிகூட ஆகாது, ஆனால் கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் திருடனுக்கு ஒவ்வொன்றுக்கும் அந்த 1,00,000 சுற்று உண்டு. சொல்லை மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது.

கூகுள் ஷீட்ஸில் காவல் கோப்புக்குள் இல்லை, சர்வரில் இருக்கிறது. நாம் ஒரு கட்டத்தை மாற்றினால், இந்தக் கணக்குக்கு அங்கே எழுத அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே சர்வர் அதை ஏற்கும். ஆனால் பார்க்க முடிந்தவர் பொதுவாகப் பிரதி எடுக்கவும் முடியும், மறைத்து வைத்த ஷீட்டும் அந்தப் பிரதியோடு போய்விடும். பார்வையாளர்களுக்குப் பிரதி, பிரிண்ட், டவுன்லோட் வேண்டாம் என்று அமைப்பில் நிறுத்தலாம், போனில் படம் எடுப்பதை எப்படி நிறுத்துவது?

அதனால் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாவற்றையும் அந்த ஷீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். அவை தனிக் கோப்பில், திறக்கும் பாஸ்வேர்டோடு, ஒருவரிடம் மட்டும். 'லிங்க் உள்ள எவரும்' என்பதை நிறுத்திவிட்டு மூன்று மின்னஞ்சல்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம், பெயர்ப் பத்தியையும் கூலி விகிதத்தையும் பூட்டினோம். அன்றைக்கு அந்த அக்காவின் கணக்கைக் காப்பாற்றியது, ஷீட்டின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் 'வெர்ஷன் ஹிஸ்டரி'. வரிசை கலைந்த நிமிடத்துக்கு முந்தைய பதிப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம், திங்கட்கிழமை ஜீப் கிளம்பும் முன் அவருடைய இரண்டு நாள் கூலியைக் கையில் கொடுத்தோம்.