கால்தானே ஏலாது, காசு சேர்க்க ஏலும்

எங்கள் பக்கம் ஒரு நல்ல காரியத்துக்கு நிதி சேர்ப்பதென்றால் உடனே நினைவுக்கு வருவது நடைபவனி, சைக்கிள் ஓட்டம், கிரிக்கெட் சுற்றுப்போட்டி, இல்லையென்றால் உண்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்குவது. எல்லாமே கால் நன்றாக இருப்பவர்களின் வேலை. சக்கர நாற்காலியில் இருப்பவரை அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துப் படம் எடுப்பார்கள், ஆனால் சேர்க்கிற குழுவில் அவர் பெயர் இருக்காது. மட்டக்களப்பில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சீனி வருத்தத்தால் கால் எடுத்தவர்கள் என்று நான் பார்க்கிறவர்களில் பலர், வாங்குகிற பக்கத்திலேயே இருந்து மனம் களைத்தவர்கள். அவர்களுக்கும் கொடுக்க ஆசை இருக்கிறது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு அம்மா, முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர். முன்பள்ளிக் கூரைக்குக் காசு சேர்க்க ஊரில் ஓடித் திரிந்தபோது இவரை யாரும் கூப்பிடவில்லை. "மனே, கால்தானே ஏலாது, கதைக்க ஏலும்தானே" என்றார் என்னிடம். பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளின் நம்பர்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்: நீ இன்னாருடைய மகன்தானே, சின்னதில் இந்த வாங்கிலில்தானே இருந்து படித்தாய் என்று. அச்சடித்த கடிதத்துக்கு வராத பதிலெல்லாம் அந்தக் குரலுக்கு வந்தது. வந்த காசைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார்.

நடந்துதான் சேர்க்க வேண்டும் என்றாலும் தூரத்தை அவரவரே வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் டொம் மூர் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி 2020 ஏப்ரலில், நூறாவது பிறந்தநாளுக்கு முன்னால், வோக்கரைப் பிடித்தபடி தன் வீட்டுத் தோட்டத்தில் 100 சுற்று நடந்தார். ஒரே மூச்சில் இல்லை, பல நாட்களாகப் பிரித்துத்தான். 1,000 பவுண் சேர்ந்தால் போதும் என்று தொடங்கியவருக்கு 3 கோடி பவுணுக்கு மேல் வந்தது. பக்கவாதத்திலிருந்து மீளும் ஒருவர் விறாந்தையில் நாளுக்கு நாலு சுற்று, சுற்றுக்கு இத்தனை ரூபாய் என்று சொந்தக்காரரிடம் கேட்கலாம், அவருக்கு அது பயிற்சியாகவும் போகும்.

கால் ஆடாவிட்டாலும் பாட்டு மறக்காத அண்ணாவிமார், கூத்துப் பழக்குகிறவர்கள், இங்கே இருக்கிறார்கள். கூத்தின் இரண்டு வகையான வடமோடியோ தென்மோடியோ, கேட்ட பாட்டை இருந்தபடியே பாடி வீடியோவில் அனுப்புவதற்குக் காசு கொடுக்க ஆள் உண்டு. மருதமுனைக் கைத்தறிச் சேலைக்குப் போனில் ஓடர் எடுத்து லாபத்தை நிதிக்கு விடலாம். தயிர்ச் சட்டிக்கும் அதுதான்.

அப்புறம், நேரில் நிகழ்ச்சி வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் உடம்பு. கழுத்து மட்டத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அதற்குக் கீழே வியர்வை சரியாக வராது, சூடான கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் அவரை வெளியில் வைத்திருந்தால் உடம்புச் சூடு ஏறி ஆபத்தாகும். இடுப்புக்குக் கீழே தொடு உணர்ச்சி இல்லாதவர் அரை மணிக்கு ஒரு தடவையாவது கையை ஊன்றி எழும்பியோ சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும், விருந்தினர் வரும்வரை அசையாமல் இருத்தி வைத்தால் படுக்கைப்புண் வரும், அது ஆற மாதக்கணக்காகும். கழிப்பறைக்குப் போக வழி இல்லையென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருபவர்களைப் பார்க்கிறேன், பிறகு சிறுநீரில் கிருமி. மண்டப வாசல்படி தரையிலிருந்து ஓர் அடி உயரம் என்றால் சாய்வுப் பாதை 12 அடி நீளம் வேண்டும், குட்டைப் பலகையைச் சரித்து வைத்தால் நாற்காலி பின்னால் கவிழும். கல்லடிக் கடற்கரை என்றால் மணலில் சில்லு புதையும், வீதியோரமாக வையுங்கள்.

காசு ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போகாமல் இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்குக்குப் போகட்டும். அதிர்ஷ்டச் சீட்டு இழுக்க நினைத்தால் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

திகதி குறிக்கும் முதல் கூட்டத்துக்கே சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். படி ஏறும் மண்டபத்தை விட்டு அவர் வீட்டு முற்றத்தில் கூட்டத்தை வைத்தால் இன்னும் நல்லது, தேத்தண்ணியை மட்டும் நீங்களே கொண்டுபோங்கள்.