அவலாஞ்ச் – பனிச்சரிவு

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்சியைப் பலர் 2019 ஆகஸ்டில்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய இடம். வெண்பனி குவியாத அந்த மலைக்கு இந்தப் பெயர் வந்தது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய நிலச்சரிவால். அதை வெள்ளைக்காரர்கள் ‘அவலாஞ்ச்’ என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

சொல்லின் வேரைப் பார்த்தால் அது பிழையும் இல்லை. பிற்கால லத்தீனில் ‘லாபினா’ என்றால் சரிவு, வழுக்கல். ஜெர்மானியரின் ‘லவீனே’ அதன் வழி வந்தது. ஆல்ப்ஸ் மலைமக்களின் ‘லவாஞ்ச்’, ‘இறங்கு’ என்னும் பொருள்கொண்ட பழைய பிரெஞ்சு வினையான ‘அவலே’யோடு கலந்து ‘அவலாஞ்ச்’ ஆயிற்று. அதே வினைக்கு இன்றைய பிரெஞ்சில் ‘விழுங்கு’ என்று பொருள்!

தமிழில் பனிச்சரிவு. நிலச்சரிவு, மண்சரிவு வரிசையில் இயல்பாக உட்காரும் சொல். பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதானே என்று தயங்க வேண்டாம். புறநானூற்றின் 6ஆம் பாட்டே இமயத்தைப் ‘பனிபடு நெடுவரை’ என்கிறது.

செய்திகளில் அடிக்கடி வரும் ‘பனிப்பாறைச் சரிவு’தான் குழப்புகிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் ராணுவ வீரர்கள் பத்துப் பேரைப் புதைத்தது இடிந்து விழுந்த பனிக்கட்டிச் சுவர். அங்கே அந்தச் சொல் பொருந்தும். ஆனால் மலையேறிகளையும் பனிச்சறுக்கு வீரர்களையும் பெரும்பாலும் கொல்வது பாறையல்ல, பொழிந்து படிந்த பனிதான். தெளிந்த குளிர் இரவுகளில் பழைய பனி ரவைபோல ஒட்டாத மணிகளாகிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றும் வாரிக் குவித்தால் கெட்டியான அடுக்கு ஒன்று உருவாகும். ஓர் ஆள் மிதித்தால் போதும். ‘தொம்’மென்று உள்ளே அமுங்கும், விரிசல் ஓடும், அடுக்கு மொத்தமும் பெயர்ந்து வரும். சாய்வு 30 முதல் 45 பாகை வரை உள்ள இடங்களில்தான் இது அதிகம். சிக்குபவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாட்டுகிறார்கள். பாறை என்று எழுதினால், தொலைவில் எதுவோ தானாக உடைந்தது என்றல்லவா படும்?

பனிச்சரிவு எச்சரிக்கை அளவுகோலை மொழிபெயர்க்கும்போதும் கவனம் தேவை. ஐரோப்பாவில் அது ஐந்து படி. மூன்றாம் படியை ‘மிதமான அபாயம்’ என்று பெயர்க்கக் கூடாது, ‘கணிசமான அபாயம்’ என்க. நடுவில்தானே இருக்கிறது என்று கிளம்பியவர்கள் பலர் செத்தது அந்தப் படியில்தான்.

பனிச்சரிவு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சரிவு என்றால் சாய்ந்த இடமும்தான். ‘குல்மார்க் பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள்’ என்ற தலைப்பு வீட்டாரைப் பதறவைக்கும். இடத்தைச் சொல்லும்போது பனிச்சாய்வு என்று எழுதலாம்.