மரபணுத் தொகுப்பு அல்ல, மரபணுத் திருத்தம்

உயிரின் டிஎன்ஏவில் குறித்த இடத்தை வெட்டி மாற்றுவதுதான் ‘ஜீன் எடிட்டிங்’. அதை எங்கே கண்டாலும் ‘மரபணுத் தொகுப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘மரபணுத் திருத்தம்’ என்பதே பொருந்தும். ‘மரபணுத் தொகுப்பு செய்யப்பட்ட பன்றி’ என்று படித்தால், பன்றியின் மரபணுக்களை யாரோ பொறுக்கிக் கூடையில் சேர்த்தது போல் இருக்கிறது.

‘ஜீன்’ 1909இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் தந்த சொல். வேர், பிறப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நாம் மரபோடு அணுவைச் சேர்த்துக்கொண்டோம். அணு வேதியியலில் வேறொன்றைக் குறிப்பதால் இலங்கைப் பாடநூல்களின் ‘பரம்பரையலகு’ இதைவிடத் துல்லியம். ஆனாலும் மரபணு வேரூன்றிவிட்டது, பிடுங்க வேண்டாம். ‘எடிட்’ லத்தீனில் ‘வெளியே கொடு’ என்பதிலிருந்து வந்தது. பதிப்பு என்ற பொருள்தான் முதலில்.

சிக்கல் சினிமாவிலிருந்து வந்தது. அங்கே எடிட்டிங் படத்தொகுப்பு. தனித்தனியாக எடுத்த துண்டுகளைக் கோத்துத்தான் படம் உருவாகிறது என்பதால் பொருத்தமான சொல். அதையே அப்படியே தூக்கி மரபணுவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். தமிழில் தொகுத்தல் என்பது சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்ப்பது. எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றுக்குத் தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றனவே, அந்தத் தொகுத்தலில் பாட்டின் எழுத்தை மாற்றும் பொருள் இல்லை. போதாக்குறைக்கு ‘மரபணுத் தொகுப்பு’ ஏற்கெனவே ஜீனோமுக்கு, அதாவது ஓர் உயிரின் டிஎன்ஏ முழுமைக்கும், போன சொல். ‘புரதத் தொகுப்பு’ என்னும்போதோ அது புரதம் உருவாவதைக் குறிக்கிறது. இனி ‘ஜீனோம் எடிட்டிங்’ வந்தால் ‘மரபணுத் தொகுப்புத் தொகுப்பு’ என்பார்களா?

செல்லுக்குள் நடப்பதைப் பார்த்தாலே போதும். ஜீன் எடிட்டிங்கில் பரவலாகப் பயன்படும் கிரிஸ்பர்-காஸ்9 முறையில், வழிகாட்டி ஆர்என்ஏவின் 20 எழுத்துகள் (‘ஜி’ போன்ற எழுத்துகளால் குறிக்கும் வேதி அலகுகள்) டிஎன்ஏவில் தமக்கு இணையான இடத்தைத் தேடும். அந்த இடத்தை ஒட்டிக் கடைசி இரண்டும் ‘ஜி’யாக உள்ள மூன்றெழுத்து இருந்தாக வேண்டும். இருந்தால் அதற்கு மூன்று எழுத்து முன்னால் காஸ்9 என்ற நொதி டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டும். பிறகு செல்லின் பொறுப்பு. அவசர ஒட்டுப்போட்டால் சில எழுத்துகள் விழும் அல்லது நுழையும், பெரும்பாலும் மரபணு செயலிழக்கும். பார்த்து எழுத மாதிரியாக வார்ப்பு டிஎன்ஏவும் கொடுத்திருந்தால் அதைப் பார்த்து எழுதவும் கூடும், ஆனால் இது குறைவாகவே நடக்கும். வெட்டல், அழித்தல், மாற்றி எழுதல். இதில் தொகுப்பு எங்கே?

‘திருத்தம் என்றால் பிழையைச் சரிசெய்வது, அது நல்லது என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்கிறது’ என்பது எதிர்வாதம். இதில் விஷயம் இருக்கிறது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த அரிவாள்செல் நோய்க்கான கிரிஸ்பர் சிகிச்சை, நோய்க்குக் காரணமான ஓரெழுத்துப் பிழையைத் தொடுவதே இல்லை. பிசிஎல்11ஏ என்ற வேறொரு மரபணுவின் விசையை வெட்டி, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைக்கிறது. பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் சட்டத் திருத்தம் எல்லாமே சட்டத்தைச் சீராக்கியா விட்டது? காடு திருத்தினால் காட்டுக்கு நல்லதா? வெட்டுவதும் களைவதும் அந்த வினைக்குள் எப்போதும் உண்டு. முன்தீர்ப்பு ‘செப்பனிடல்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

‘மரபணு மாற்றம்’ படும் பாடு இன்னும் மோசம். தானாக நேரும் திடீர்மாற்றத்துக்கும் அதுதான், அயல் மரபணு சேர்ப்பதற்கும் அதுதான், திருத்தத்துக்கும் அதுதான். 2015இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த அட்லாண்டிக் சால்மனில் இருப்பது சினூக் என்ற வேறொரு சால்மன் இனத்தின் வளர்ச்சி ஹார்மோன் மரபணு. அது அயல் மரபணுச் சேர்ப்பு. 2025இல் ஒப்புதல் பெற்ற, பிஆர்ஆர்எஸ் என்ற பன்றி நோயின் வைரஸ் தொற்றாத பன்றியில் சிடி163 மரபணுவின் ஒரு பகுதி நீக்கப்பட்டது, அது திருத்தம். சிகிச்சையிலும் இப்படித்தான். 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற விழித்திரைச் சிகிச்சை, ஆர்பிஇ65 மரபணுவின் நல்ல நகலை வைரஸில் ஏற்றிக் கொடுக்கிறது, பழுதானதைத் தொடுவதில்லை. அது மரபணுச் சிகிச்சை, ஆனால் திருத்தம் அன்று.

அறவிவாதம் குழம்புவதும் இங்கேதான். ஒருவரின் ரத்தச் செல்லைத் திருத்தினால் அது அவரோடு முடிகிறது. கருவைத் திருத்தினால் சந்ததிக்கும் போகும். 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் செய்தது இரண்டாவது. இரட்டைக் குழந்தைகளிடம், எச்ஐவி செல்லுக்குள் நுழைய உதவும் சிசிஆர்5 மரபணுவில் அவர் எண்ணிய 32 எழுத்து நீக்கம் நேரவில்லை, வேறு வேறு வெட்டுகள்தான் விழுந்தன. அவருக்கு மூன்றாண்டு சிறை. இரண்டையும் ‘மரபணு மாற்றச் சிகிச்சை’ என்று ஒரே பெயரில் எழுதினால் வாசகர் எதை ஏற்பார், எதை எதிர்ப்பார்? ‘உடற்செல் திருத்தம்’, ‘கருவழித் திருத்தம்’ என்று பிரித்து எழுத ஒரு சொல்தான் கூடுதல் செலவு.

சொல்லை நம்பி ஆய்வையும் விட்டுவிடக் கூடாது. கொம்பு முளைக்காதபடி ‘திருத்தப்பட்ட’ மாடுகளின் டிஎன்ஏ தரவுகளை 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் மறுபடி படித்தார்கள். வார்ப்பைச் சுமந்து வந்த பாக்டீரியப் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையம், ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தது. அந்த மாடுகளுக்குத் திருத்தம் என்ற சொல் பொருந்தாது. அயல் மரபணுச் சேர்ப்பு என்றே எழுத வேண்டும்.