எழுதினது எதுவரைக்கும் செல்லும்?

யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் எழுத்துகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வுகள், தொண்டு நிறுவன அறிக்கைகள், வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்கள் என்று எல்லாம் வரும். இலக்கணப் பிழையை ஒருவாறு சரிசெய்துவிடலாம். கையில் இருக்கும் ஆதாரத்தைவிடப் பெரிதாக எழுதப்பட்ட வசனத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

'யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல.' இந்த வசனம் ஏதோ ஒரு வடிவத்தில் அடிக்கடி என் மேசைக்கு வரும். கீழே அட்டவணையைப் பார்த்தால், மாதிரி எடுத்தது யாழ்ப்பாணத்தின் ஒரு பகுதியான வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் மட்டும். அங்கே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது, நைத்திரேற்று கூடுகிறது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான தீவகத்துக் கிணறுகளின் பெரிய தொல்லை உவர், அது வேறு கதை. மாரி மழைக்கு முன் அள்ளிய தண்ணீரும் பின் அள்ளிய தண்ணீரும் ஒரே அளவைக் காட்டும் என்றும் இல்லை. அப்புறம், 'உகந்ததல்ல' என்பது எந்த அளவுகோலில்? நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைக் குறிப்பிடாமல் தீர்ப்பு மட்டும் சொன்னால் எப்படி?

இதைச் சுட்டிக்காட்டினால் பெரும்பாலானோர் செய்வது, ஒரு 'மே' (may) அல்லது 'பொசிப்ளி'யைச் (possibly) செருகிவிடுவது. 'யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் ஒருவேளை உகந்ததல்லாமல் இருக்கக்கூடும்.' வசனம் பணிவாகிவிட்டது, சரி. ஆனால் தீவகத்து ஊர்காவற்றுறையில் இருந்து வாசிக்கிறவருக்கு இதில் என்ன கிடைத்தது? தன் வீட்டுக் கிணறு இதில் அடங்குமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. 'வலிகாமத்தில், மழை தொடங்க முன்னர் சோதித்த இத்தனை கிணறுகளில் இத்தனை 50 மில்லிகிராமைத் தாண்டின. தீவகத்தில் சோதிக்கவில்லை' என்று எழுதினால் 'மே' தேவையே இல்லை. உறுதியாகவும் இருக்கிறது, எல்லையும் தெரிகிறது.

"சேர், தீவகத்தில சோதிக்கேல்ல எண்டு நாங்களே எழுதினா புள்ளியைக் குறைக்க மாட்டினமே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் பதில்: வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர்கள் எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எழுதி வைத்திருந்தால் அது உங்களுடைய தெளிவு. எழுதாவிட்டால் அது அவர்கள் பிடித்த ஓட்டை. பட்டிமன்றம் பேசிப் பழகிய ஊர் எங்களுடையது. ஒரு பக்கத்தை எடுத்தால் விடாமல் நிற்க வேண்டும் என்பது சின்ன வயதிலேயே ஏறிவிடுகிறது. மேடைக்கு அது நல்லது. இதற்கு நேர்மாறான பழக்கமும் இருக்கிறது: முதல் வரியிலேயே 'என் இங்கிலீஷ் போதாது, மன்னிக்கவும்' என்று தொடங்குவது. அது எழுதுகிறவரைப் பற்றிய மன்னிப்பு. சொன்ன விஷயம் எவ்வளவு நம்பகமானது என்று அதில் ஒன்றும் இல்லை.

'மே', 'பொசிப்ளி' போன்ற சொற்களால் வசனத்தின் உறுதியைத் தளர்த்துவதை மொழியியலில் 'ஹெட்ஜிங்' என்பார்கள். ஜோர்ஜ் லேக்கொஃப் 1972இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. பெயரைவிட முக்கியம், இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது. 'சம் ஃபார்மர்ஸ்' எத்தனை பேர் என்பதைக் குறைக்கிறது. 'மே' நிச்சயத்தைக் குறைக்கிறது. 'அக்கோர்டிங் டு' பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கிறது. சில விவசாயிகள் அளவுக்கு மீறி உரம் போடுவதை நேரில் பார்த்துவிட்டு 'விவசாயிகள் போடக்கூடும்' என்று எழுதினால், தெரிந்த விஷயத்தைச் சந்தேகமாக்கி, தெரியாத ஆட்களையும் உள்ளே இழுத்துவிடுகிறோம்.

மொட்டையான சொல்லை ஆளுக்கொரு விதமாகத்தான் எடுப்பார்கள். 1951இல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க 'சீரியஸ் பொசிபிலிட்டி' இருப்பதாக அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று சொன்னது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷேர்மன் கென்ற், என்ன அளவை மனதில் வைத்து அந்தச் சொல்லுக்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று பிறகு சகாக்களிடம் கேட்டார். நூற்றுக்கு 20 என்றும் இருந்தது, 80 என்றும் இருந்தது! இன்று காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் சர்வதேசக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் குறைந்தது 66 வீதம், 'வெரி லைக்லி' என்றால் குறைந்தது 90 வீதம் என்று வரையறை உண்டு. எங்கள் பக்கத்து அறிக்கைகள் அதை மேற்கோள் காட்டும்போது இரண்டும் 'வில்' (will), அதாவது 'நிச்சயம் நடக்கும்' என்று ஆகிவிடுகின்றன. எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான்.

கடிதங்களில் இன்னும் கவனம் வேண்டும். கணவன் கனடாவில், மனைவி இங்கே. இருவரும் உண்மையான தம்பதி என்று ஊரில் ஒரு பெரியவர் கடிதம் கொடுக்கிறார். 'இருவரும் தினமும் கதைப்பார்கள்' என்று எழுதியிருப்பார். "ஐயா, நீங்கள் கண்டதோ?" என்றால், "தாய் சொன்னது, தம்பி" என்பார். கடைசியில் 'டு த பெஸ்ட் ஒஃப் மை நொலெட்ஜ்' (எனக்குத் தெரிந்தவரை) போட்டிருப்பதால் எல்லாம் சரி என்று நினைப்பு. அந்த ஒரு வரி கடிதம் முழுவதையும் பொதுவாக மூடுகிறதே தவிர, எது கண்டது, எது கேட்டது என்று பிரித்துக் காட்டுவதில்லை. கலியாணத்துக்குப் போயிருந்தால் எந்தத் திகதி, எந்தக் கோயில் என்று எழுதச் சொல்வேன். தொலைபேசிக் கதையை 'தாய் எனக்குச் சொன்னார்' என்று தனி வசனமாக வைக்கச் சொல்வேன். கடிதம் பாதியாகச் சுருங்கும். பெரியவருக்கு அது பிடிக்காது. ஆனால் தூதரகத்தில் இருந்து யாராவது அழைத்துக் கேட்டால், அந்தப் பாதியில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அவரால் பதில் சொல்ல முடியும்.